எப்பொழுது எழுதுகிறீர்கள்?

எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு எழுதுவது நம் பத்திரிகைகளுக்கு வெகுநாளாகப் பழக்கமான காரியம். ஆண் எழுத்தாளர் ஒருவரைப் பார்க்கப் போகிறவர், "உங்களைப் பாதித்த ஆசிரியர்கள் யார்? யதார்த்தவாதத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று தொடங்குவார். அதே மனிதர் அடுத்த வாரம் ஒரு நாவலாசிரியையின் வீட்டுக்குப் போனால், கொடுத்த காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டு வேலைகளுக்கு நடுவில் எழுத எப்படி நேரம் கிடைக்கிறது?" என்று கேட்பார். கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இராது. அனுதாபத்தோடு கேட்பதாகத்தான் நினைத்துக்கொள்வார். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு தொகுப்பு எனக்குக் கிடைத்தது. 'பாரிஸ் ரிவ்யூ' என்ற ஆங்கில இலக்கியப் பத்திரிகையை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1953-ல் பாரிஸில் இருந்த சில அமெரிக்க இளைஞர்கள் தொடங்கியது. முதல் இதழிலேயே நாவலாசிரியர் இ. எம். பார்ஸ்டருடன் ஒரு நீண்ட சம்பாஷணையை வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இதழுக்கு இதழ் அது வழக்கமாகிவிட்டது. அந்தச் சம்பாஷணைகளில் பெண் ஆசிரியர்களுடன் நடந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, பத்திரிகையின் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் 1989-ல் தனிப் புத்தகமாக வெளியிட்டார். கனடா நாட்டு நாவலாசிரியை மார்கரெட் அட்வுட் முன்னுரை எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதில் இல்லாத வேறு சில சம்பாஷணைகளையும் தேடிப் படித்தேன். ஒரு மாத காலம் இதே வேலையாக இருந்தேன் என்று சொல்லலாம்.

பெண்களுக்கென்று தனியாக ஒரு தொகுப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நானும் கேட்டிருப்பேன். ஆனால் 1958-ல் வந்த இந்த வரிசையின் முதல் தொகுப்பு என்னிடம் நெடுநாளாக இருக்கிறது. அதில் 16 ஆசிரியர்கள். பெண்கள் 2 பேர்தாம்: டோரதி பார்க்கர், பிரான்ஸ்வாஸ் ஸகான். ஒருவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மற்றவருக்கு இருபதுதான் தாண்டியிருந்தது. இடையில் இருக்கும் நாற்பது வருஷத்துப் பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அதே தொகுப்பில் வில்லியம் பாக்னரின் புகழ்பெற்ற பேட்டியும் இருக்கிறது. தம் தொழிலுக்கு வேண்டிய சாமான்கள் என்ன என்று அவர் அடுக்குகிறார்: காகிதம், புகையிலை, சாப்பாடு, கொஞ்சம் விஸ்கி. படிக்கும்போது வெகு கம்பீரமாக இருக்கிறது. உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டாத துறவியின் பேச்சு மாதிரி. அந்தச் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்று பேட்டி கண்டவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்றுகூட அன்று யாருக்கும் தோன்றியிராது. இத்தனைக்கும் அந்தப் பேட்டியைக் கண்டவர் ஒரு பெண்.

டோரதி பார்க்கரின் பேச்சு வேறு ஜாதி. நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு பேசுகிறார். ஹாஸ்யத்துக்கும் குத்தலுக்கும் பெயர் போனவர். அந்தப் பெயரே தமக்குப் பாரமாகிவிட்டதென்று அலுத்துக்கொள்கிறார். எழுதத் தூண்டுவது எது என்று கேட்டால், பணமுடை என்று பட்டென்று பதில் வருகிறது. ஹாலிவுட்டில் சம்பாதித்ததைப் பற்றிக் கேட்டால், அது பணமே அல்ல, கையில் எடுத்ததும் உருகிப்போகும் பனி என்கிறார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஒரு சிறுகதை எழுத அவருக்கு ஆறு மாதம் பிடிக்கிறதாம். முழுவதும் மனசில் யோசித்து முடித்துவிட்டு, பிறகு வாக்கியம் வாக்கியமாக எழுதுகிறார். முதல் பிரதி, இரண்டாம் பிரதி என்பதெல்லாம் கிடையாது. ஐந்து வார்த்தை எழுதுவதற்குள் ஏழு வார்த்தையை மாற்றிவிடுகிறேன் என்று தம்மையே கேலி செய்துகொள்கிறார். பேச்சில் மின்னல் மாதிரி பதில் சொல்லக்கூடியவர் என்று ஊரெல்லாம் நினைத்த ஒரு பெண், எழுத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஊர்ந்திருக்கிறார்! அவருடைய கதைகளில் வேகமாகப் பேசும் பெண்களுக்கு அடியில் ஒரு களைப்பு இருப்பதை உணர்ந்தவர்களுக்கு, இந்தச் செய்தி ஏதோ ஒரு கதவைத் திறந்து காட்டும்.

பணத்துக்காக எழுதினேன் என்று ஒரு பெண் சொல்வது நமக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கிறது. கலைக்காக என்று சொன்னால் நன்றாயிருக்கும். நம்மிடையே 'லக்ஷ்மி' என்ற திரிபுரசுந்தரி, மருத்துவப் படிப்புக்குப் பணம் வேண்டித்தான் கதைகள் எழுதினார். அதனால் அந்தக் கதைகளை லட்சக்கணக்கான பெண்கள் படித்தது பொய்யாகிவிடவில்லை. அவர் டாக்டராகாமலும் போய்விடவில்லை.

ஸகானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் எழுதிய முதல் நாவலை, தினம் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்து, இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிட்டாராம். இரண்டாவது நாவலை இரண்டு வருஷம் மனசில் வைத்திருந்தாராம். கவலையற்ற பெண்ணின் கவலையற்ற பதில்கள். படிக்க இனிமையாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்தத் தொகுப்பில் என்னை நிறுத்தி வைத்தவர் காதரின் ஆன் போர்ட்டர். அவருடனான சம்பாஷணை 1963-ல் வெளியாயிற்று. அதற்கு முந்திய வருஷந்தான் அவருடைய ஒரே நீண்ட நாவலான 'மூடர்களின் கப்பல்' வெளிவந்திருந்தது. அதை எழுதி முடிக்க அவருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. அமெரிக்க விமரிசகர்கள் இருபது வருஷமாக, "எப்போது வரும், எப்போது வரும்" என்று கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். எழுபத்தொரு வயதில் நாவலை முடித்த அந்த அம்மாளிடம், பார்பரா தாம்ஸன் என்ற பெண்மணி போய்ப் பேசியிருக்கிறார்.

போர்ட்டர் சொன்ன இரண்டு விஷயங்களை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டியில் அவை வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, தம்முடைய சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் எழுத்துக்குப் போயிற்று, மற்ற ஒன்பது பங்கும் தண்ணீருக்கு மேல் தலையை வைத்திருப்பதிலேயே செலவழிந்துவிட்டது என்பது. பத்திரிகை வேலை, வாடகை, வியாதி, முறிந்த கல்யாணங்கள், ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது எல்லாம் அந்த ஒன்பது பங்கில் அடக்கம். இரண்டாவது, ஒரு கதையின் முடிவு தெரியாமல் தாம் தொடங்குவதே இல்லை என்பது. கடைசி வரியை, கடைசிப் பாராவை, கடைசிப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறந்தான் ஆரம்பத்துக்கு வருகிறாராம்.

இரண்டாவது செய்தியை உத்தி என்ற தலைப்பிலும், முதல் செய்தியை வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பிலும் போட்டுவிடுவது விமரிசகர்களின் பழக்கம். எனக்கு என்னவோ இரண்டும் ஒரே செய்தியாகத்தான் படுகிறது. எந்த நிமிஷம் கூப்பிடுவார்களோ, எந்த மாதம் வீட்டைக் காலி செய்யவேண்டுமோ என்று தெரியாதவர் ஒரு கதையை எப்படி எழுதுவார்? போகவேண்டிய ஊரில் முதலில் ஒரு முளையை அடித்து வைத்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும், மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் அந்த முளை அங்கேயே இருக்கும். வழி மறந்துபோனாலும் ஊர் மறக்காது. தினமும் காலையில் அதே நாற்காலியில் வந்து உட்கார முடிகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு தேவையில்லை. எழுதிக்கொண்டே போனால் முடிவு தானாக வரும் என்று அவனால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியும். நானே எத்தனையோ கூட்டங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

போர்ட்டரின் சிறுகதைகளைப் படித்தவர்கள் அந்த முடிவுகளின் இறுக்கத்தை மறந்திருக்கமாட்டார்கள். கதை முழுவதும் அந்தக் கடைசி வரியை நோக்கிச் சாய்ந்து நிற்கும். நாவலில் அந்த இறுக்கம் இல்லை. 1931-ல் மெக்ஸிகோவிலிருந்து ஜெர்மனிக்குத் தாம் செய்த கப்பல் பிரயாணத்தை வைத்து எழுதியது. கப்பல் போய்ச் சேருகிற துறைமுகம் அவருக்கு முன்பே தெரியும். ஆனால் இருபது வருஷத்து இடையூறுகளைத் தாங்கிக்கொள்ள ஒரு முளை போதவில்லை. கப்பலில் ஆட்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள். நாவல் விற்றது, சினிமாவும் ஆயிற்று. சிறுகதைகள்தாம் நிற்கின்றன. 1966-ல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததும் சிறுகதைத் தொகுப்புக்குத்தான்.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் மற்ற சம்பாஷணைகளும் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தன. ஐஸக் டினேஸன் என்ற புனைபெயரில் எழுதிய டென்மார்க் சீமாட்டி காரென் பிளிக்ஸன், கென்யாவில் ஒரு காப்பித் தோட்டத்தை வைத்து நடத்தி, 1931-ல் எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பியவர். முதல் முக்கியமான புத்தகம் வெளிவரும்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. தோட்டத்துப் பங்களாவில், வேட்டைப் பிரயாணங்களுக்கு நடுவே வந்து தங்கும் நண்பருக்கு இரவில் கதை சொல்லிச் சொல்லிப் பழகியவர் அவர். நான் நாவலாசிரியை அல்ல, கதை சொல்லி என்று அழுத்திச் சொல்கிறார். அவருடைய கதைக்குள் ஒரு கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போகும் அமைப்பை ஏதோ பழைய ஐரோப்பியப் பாணி என்று நான் நினைத்திருந்தேன். எதிரே கேட்கிற ஆள் உட்கார்ந்திருக்கும்போது பிறந்த அமைப்பு அது. கேட்கிறவர் தூங்கப் போகாமல் இருக்கவேண்டுமே!

நம் வை. மு. கோதைநாயகி அம்மாளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுதப் பழகாத நாளிலேயே அவர் 'இந்திர மோகனா' என்ற நாடகத்தைச் சொல்லிக்கொண்டு போக, தோழி ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். பிற்காலத்தில் 'ஜகன்மோகினி'யை நடத்திக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். அந்த நாவல்களில் வளவளவென்று பேச்சு நீளுகிறது என்று குறை சொன்ன விமரிசகர்கள் உண்டு. குறை உண்மைதான். ஆனால் அது காதுக்காகப் பிறந்த எழுத்து என்பதைச் சொல்லிவிட்டு அல்லவா குறை சொல்லவேண்டும்?

ஸிமோன் த பூவாவின் நேரம் கடிகாரம் மாதிரி. 1965-ல் சொல்கிறார்: தேநீர் குடித்துவிட்டுப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை. பிறகு நண்பர்கள். ஐந்து மணிக்கு மறுபடியும் உட்கார்ந்தால் ஒன்பது வரை. குழந்தை குட்டி கிடையாது. வெகு காலம் ஹோட்டல் அறைகளிலேயே வசித்தவர். அந்த வாழ்க்கையைத் தெரிந்தே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும். அவருடைய நாவல்களில் தட்டுத் தடங்கல் இல்லாத நீண்ட ஓட்டம் இருக்கிறது. காற்றோட்டம் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம். உங்கள் நாவல்களில் வரும் பெண்கள் ஏன் நீங்கள் சொல்லும் விடுதலை பெற்ற பெண்களாக இல்லை என்று கேட்டதற்கு, பெண்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதை அல்ல, எப்படிப் பிளவுபட்டு இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டினேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். நல்ல பதில். நம் ஊரில் முற்போக்கு நாவல் எழுதுகிறவர்கள் அதை எழுதி மேஜைக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

டோனி மாரிஸனுடன் 1993-ல் நடந்த சம்பாஷணையை இரண்டு தடவை படித்தேன். அந்த வருஷந்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கணவரைப் பிரிந்தபின் இரண்டு ஆண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, புத்தகப் பிரசுர நிறுவனம் ஒன்றில் பதிப்பாசிரியராக வேலை பார்த்தவர். நாவல் எழுதக் கிடைத்த நேரம், குழந்தைகள் விழித்துக்கொண்டு "அம்மா" என்று கூப்பிடுவதற்கு முந்தியது. அவர்கள் காலை ஐந்து மணிக்கே கூப்பிட்டுவிடுவார்களாம். அதனால் இருட்டோடு எழுந்திருக்கிறார். குழந்தைகள் பெரியவர்களாகி, வேலையையும் விட்டபிறகு அந்த அவசியம் போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. இருட்டிலேயே எழுந்து ஒரு கோப்பைக் காபி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் தம் சடங்கு என்கிறார். வெளிச்சம் வரும்போது அங்கே இருக்கவேண்டும்; வந்தபிறகு அல்ல. நிர்ப்பந்தத்தில் தொடங்கியது பூஜையாக மாறிவிட்டது.

அவருடைய முதல் நாவல் 1970-ல் வந்தது. கறுப்பு இனத்துச் சிறுமி ஒருத்தி, நீலக் கண் வேண்டுமென்று ஏங்கி அழிந்துபோகிற கதை. பருவங்களின் பெயரால் நான்கு பாகம்; ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னத் துண்டுகள், வேறு வேறு குரல்கள். ஒரு குரல் தொடங்கி, நின்று, இன்னொரு குரல் எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டுகளுக்கு இலக்கியக் காரணங்கள் நிறைய உண்டு. அவற்றை ஆசிரியையே பல இடங்களில் விளக்கியிருக்கிறார். விடியற்காலையில் துண்டு துண்டாகக் கிடைத்த நேரமும் ஒரு காரணம் என்று நான் சொன்னால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். நேரக் குறைவு ஒரு புத்தகத்தைக் கெடுக்கும் என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். கெட்டிக்காரியின் கையில் அது ஒரு வடிவமாகிவிடுவதும் உண்டு.

அதே சம்பாஷணையில் இன்னொரு இடம் வருகிறது. மூன்றாவது நாவல் வெளிவருகிற வரையில் தம்மை எழுத்தாளர் என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லையாம். புத்தகமும் எழுதுகிற பதிப்பாசிரியர், புத்தகமும் எழுதுகிற ஆசிரியை என்றுதான் சொல்லிக்கொள்வார். யாரோ அனுமதி கொடுக்கவேண்டும் என்ற நினைப்பு பெண்களிடம் இருக்கிறது என்கிறார். கொடுக்க யாரும் இல்லாத நிலையிலும் அது போவதில்லை. 1977-ல் அந்த மூன்றாவது நாவல் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. நம்மில் முதல் கதை அச்சேறிய மறுநாளே கடிதத் தாளில் 'எழுத்தாளர்' என்று பெயருக்குக் கீழே அடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லவேண்டுமானால், என் பெயரைத்தான் சொல்லவேண்டும்.

கனடா நாட்டு ஆலிஸ் மன்றோவைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் விட முடியாது. 1961-ல் வான்கூவர் நகரத்துப் பத்திரிகை ஒன்று அவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்கு, குடும்பத் தலைவி சிறுகதை எழுத நேரம் கண்டுபிடிக்கிறார் என்ற பொருளில் தலைப்புக் கொடுத்தது. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து அதே குடும்பத் தலைவிக்கு நோபல் பரிசு கிடைத்தது! நாவல்தான் எழுத நினைத்தேன், குழந்தைகள் தூங்குகிற நேரத்துக்குள் சிறுகதைதான் அடங்கிற்று என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் முப்பது நாற்பது பக்கத்துக்குள் ஒரு ஆயுளையே மடித்து வைத்துவிடுகிற அவருடைய கதைகள், அடங்காத நாவல்கள் அல்ல. அடக்கக் கற்றுக்கொண்டதன் விளைவு. பத்து வருஷத்தை ஒரு வரியில் தாண்டுகிறாரே, அந்தத் தாவலை வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க முடியும்?

தயக்கத்துக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் 2024 மே மாதம் காலமானார். இரண்டு மாதத்துக்குள் அவருடைய மகள், தாம் சிறுமியாக இருந்தபோது தாயின் இரண்டாவது கணவரால் கெடுதலுக்கு ஆளானதையும், 1992-ல் அதைக் கடிதத்தில் தெரிவித்தபிறகும் தாய் அந்த மனிதருடனேயே இருந்துவிட்டதையும் வெளியிட்டார். அந்த மனிதர் 2005-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். மன்றோவின் 'பாரிஸ் ரிவ்யூ' சம்பாஷணை வெளிவந்தது 1994-ல். காலையில் எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை எழுதுகிறேன் என்று நிதானமாகச் சொல்கிற அந்தக் குரலுக்கு அடியில், கடிதம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆகவே சம்பாஷணைகளை முழுக்க நம்பிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பத்திரிகையின் முறைப்படி, பேசியதை எழுதி ஆசிரியரிடமே கொடுத்துவிடுவார்கள். அவர் திருத்திக் கொடுப்பார். அதுவும் ஒரு பிரதி திருத்தப்பட்ட எழுத்துத்தான். எழுத்தாளர்கள் எல்லாரும் பேட்டியில் ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்து வைக்கிறார்கள். டினேஸன் சூனியக்காரக் கிழவியாக ஆனார். பார்க்கர் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் கோமாளியாக ஆனார். ஆனால் எந்த நேரத்தில் எழுதினேன், எத்தனை தடவை எழுந்து போனேன் என்கிற சின்ன விவரங்களில் பொய் சொல்ல யாருக்கும் அவ்வளவு ஆவல் இருப்பதில்லை. கலை, சத்தியம், மனித குலம் என்று பேசும்போதுதான் பொய் கூடுதலாக வருகிறது. அதனால்தான், நான் அசட்டுத்தனம் என்று நினைத்திருந்த அந்தப் பழைய கேள்வி இப்போது எனக்கு நல்ல கேள்வியாகத் தோன்றுகிறது. கேள்வியில் தவறில்லை. அதை ஆணிடம் கேட்காததும், பெண்ணிடம் கேட்டுவிட்டுப் பதிலைப் புத்தகத்தில் போய்த் தேடாததுமே தவறு.

1979-ல் ஒரு வாரப் பத்திரிகைக்காக நான் ஒரு நாவலாசிரியையைப் பேட்டி காணப் போனேன். எனக்கு இருபத்தாறு வயது. அந்த அம்மாள் திருச்சியை அடுத்த பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் இருந்தார். கணவருக்குப் பணிமனையில் வேலை. மாமியார், நான்கு குழந்தைகள். அதுவரை மூன்று நாவல்கள் வந்திருந்தன. போகிற ரயிலில் ஒன்றைப் பாதி படித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"வாங்க தம்பி, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, முறத்தில் இருந்த அவரைக்காயை ஆய்ந்துகொண்டே பேசினார். நான் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்.

"பால் பொங்கறதுக்குள்ள ஒரு பக்கம் எழுதலாம். சாதம் வேகறதுக்குள்ள ரெண்டு பக்கம். அதுக்குள்ள யாராவது கூப்பிடுவாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். நல்ல வரி கிடைத்தது என்று குறித்துக்கொண்டேன். கூட வந்த போட்டோகிராபர் அவரை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பேனாவுமாக நிற்கச் சொன்னார். நின்றார். கட்டுரைக்கும் அதுவே தலைப்பாயிற்று.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா தம்பி? என் நாவல்ல அத்தியாயமெல்லாம் ஏன் நாலு பக்கத்திலேயே நின்னுடுதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நீங்க எழுதறவராச்சே, கேட்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். "அடுத்த தடவை வரும்போது கேட்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டுரையில் அதை எழுதவில்லை. அடுத்த தடவையும் போகவில்லை.

போர்ட்டரின் பேட்டியைப் படித்து முடித்த இரவு, அந்த அம்மாளுடைய இரண்டாவது நாவலை அலமாரியிலிருந்து தேடி எடுத்தேன். இப்போது அச்சில் இல்லை. தாள் பழுத்துப் பொடிகிறது. மொத்தம் 42 அத்தியாயம். அவர் சொன்னதுபோலவே எல்லாம் மூன்று பக்கம், நான்கு பக்கம். ஒவ்வொன்றும் யாரோ கூப்பிடுவதிலோ, யாரோ கதவைத் தட்டுவதிலோ முடிகிறது. அந்த நாளில் மதிப்புரை எழுதியவர்கள் இதைத் தொடர்கதை உத்தி என்று சொன்னார்கள். அந்த நாவல் எந்தப் பத்திரிகையிலும் தொடராக வந்ததில்லை.

27-வது அத்தியாயம் மட்டும் 31 பக்கம் இருக்கிறது. கதாநாயகி இரவுப் பாசஞ்சரில் தனியாகத் தன் அக்காள் வீட்டுக்குப் போகிறாள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. சம்பவம் என்று ஒன்றும் இல்லை. ஸ்டேஷன்கள் வருகின்றன, போகின்றன. எதிர் பெஞ்சியில் ஒரு கிழவர் வெற்றிலை போடுகிறார். அவள் தன் வாழ்க்கையை முதலிலிருந்து ஒருமுறை நினைத்துப் பார்க்கிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தமிழ் நாவலில் ரயில் பிரயாணம் எத்தனையோ வந்திருக்கிறது. இதற்கு ஈடாக நான் படித்ததில்லை என்று தாராளமாகச் சொல்வேன்.

இந்த 31 பக்கத்தை அவர் எப்பொழுது எழுதினார்? வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்களா? அவரே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா? அல்லது ஒரு ராத்திரி, அடுப்பை அணைத்துவிட்டு, யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தாரா? அந்த அம்மாள் 1991-ல் காலமாகிவிட்டார். அன்றைக்குப் பொன்மலையில் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். போட்டோகிராபருக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அவசரப்படுத்தினார். கிளம்பிவிட்டோம்.